புகையில்லாப் புகைப்படங்கள்

புகைப்படம் என்னுஞ் சொல்லை ஒருநாள் வகுப்பிலே பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். புகை, படம் என்னும் இரண்டும் எவ்வாறு தொக்கு நின்றன என்று வினவியபோது, கடைசி வாங்கிலிருந்த மாணவன் எழுந்து, “ஐயா, படத்திலே புகை எங்கே?” என்றான். புகைபோன்ற நிழலாலாய படம் என ஒருவாறு அமைதி கூறி அவனை இருத்தினேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. சில கிழமைகளின் பின், அமெரிக்க நாட்டுப் பழைய பண்ணை வீடுகளின் படங்கள் அடங்கிய தொகுதியொன்றைப் புரட்டியபோதுதான் அவன் வினாவின் ஆழம் புலனாயிற்று.

அமெரிக்க அரசு 1862 இல் இயற்றிய குடியேற்றச் சட்டத்தின்படி, ஐந்தாண்டு தங்கிப் பயிர்செய்வோர்க்கு 160 ஏக்கர் நிலம் உரித்தாயிற்று. அதனை நம்பி நெப்ராஸ்காப் புல்வெளிக்குச் சென்றோர் கண்டது மரமற்ற பெருவெளி. வீடு கட்டப் பலகை இல்லை; எரிக்க விறகும் இல்லை. வேரோடு பெயர்த்த புற்கட்டிகளைச் செங்கல்போல அடுக்கிச் சுவரெழுப்பினர். காய்ந்த சாணத்தையும் சோளப்பொத்தியின் நெட்டியையும் அடுப்பிலிட்டனர். கூரையிலிருந்து மண் உதிர்ந்து உணவில் விழாதிருக்க, பெண்கள் உட்புறத்தே துணியை விரித்துக் கட்டினர்.

இம்மக்களை 1886 முதலாகப் படம்பிடித்தவர் சொலமன் புட்சர். கஸ்ரர் மாவட்டமெங்கும் வண்டியிலே சுற்றிக் கண்ணாடித் தகடுகளில் அவர் பதித்த படங்கள் ஏறக்குறைய மூவாயிரம். 1899 இல் அவர் வீடு தீப்பற்றியபோது கையெழுத்துப் படிகள் அழிந்தன, தகடுகள் தப்பின. அப்படங்களிலே குடும்பத்தார் வீட்டு வாயிலின் முன் வரிசையாக நிற்பர். மேசையும் கதிரையும் முற்றத்துக்கு வந்திருக்கும். ஆனால் அடுப்பு எரியும் இடத்தை மிக அரிதாகவே காண்போம். வீட்டகத்து மங்கலொளியிற் படம்பிடித்தல் அக்காலத்தில் எளிதன்று என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை ஒரு படமே உரைக்கின்றது.

அப்படத்திலே ஒரு குடும்பம் திறந்த வெளியில் நிற்கின்றது. நடுவே ஓர் இசைப்பெட்டி, பின்னே கால்நடைகள். தம்மிடம் இசைப்பெட்டி உண்டென்பதைக் கிழக்கே வாழும் உறவினர் அறியவேண்டும். தாம் புல்மண் வீட்டில் வாழ்வதை அவர்கள் அறியலாகாது. எனவே வீட்டுத்தலைவி அப்பாரமான பெட்டியை வெளியே இழுப்பித்து, வீடு தெரியாவண்ணம் படமெடுப்பித்தார். படம் முடிந்ததும் பெட்டி மீண்டும் உள்ளே சென்றது.

இதை அறிந்து சிரித்தேன். உடனே சிரிப்பு அடங்கியது. எங்கள் வீட்டிலிருந்த ஒரேயொரு குடும்பப்படம் நினைவுக்கு வந்தது. பட்டினத்துக் கடையொன்றில், மாளிகைப் படிக்கட்டுத் தீட்டிய சீலைக்கு முன்னால், அயல்வீட்டில் இரவல் வாங்கிய சங்கிலியோடு அம்மா அமர்ந்திருப்பார். கங்குமட்டையும் கொக்கறையும் வைத்து எரித்து, ஊதுகுழலால் ஊதி ஊதிச் சிவந்த அந்தக் கண்கள் அப்படத்திலே தெளிவாக இருக்கின்றன. எங்கள் குசினிக்கும் அப்படத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

நெப்ராஸ்காவிலே மறைக்கப்பட்டது, அரை நூற்றாண்டின் பின் வேறோரிடத்தில் வெளிப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1935 முதலாக, உழவர் நிலையை நாட்டுக்கு உணர்த்தும்பொருட்டு அமெரிக்க அரசு றோய் ஸ்ரைக்கர் என்பவரின் கீழ்ப் படப்பிடிப்பாளர்களை அனுப்பியது. அவருள் ஒருவர் வோக்கர் எவன்ஸ். 1936 ஆம் ஆண்டுக் கோடையிலே எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜீயுடன் அலபாமா சென்று, பருத்தியைப் பாதி வாரத்துக்குச் செய்த ஏழைக் குடும்பங்களின் வீடுகளைப் படம்பிடித்தார்.

ஒரு படத்திலே திறந்த நடையொன்று. பலகைத் தட்டின்மேல் கைகழுவும் கிண்ணம். அருகே தொங்கும் துவாய். கதவினூடே அடுக்களை மேசையும் எண்ணெய் விளக்கும். ஆளில்லை. இன்னொன்றிலே வெறும் பலகைச் சுவர். அதன்மேல் அறைந்த மெல்லிய மரச்சட்டத்தின் பின்னே செருகிய கரண்டிகளும் முள்ளுகளும். வறுமை உண்டு, ஒழுங்கீனம் இல்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் ஒருத்தியின் கையை, அவள் இல்லாத அப்படத்திலும் காண்கின்றோம்.

அவ்விளக்கு அலங்காரப்பொருள் அன்று. 1935 இல் அந்நாட்டுப் பண்ணைகளுள் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. மின்சாரமில்லையேல் நீரிறைக்கும் பொறியும் இல்லை. அக்கிண்ணத்து நீர் ஒருவர் தோள்வலியால் வந்த நீர். அதே 1936 இல், மார்கழி மாதம், றசல் லீ என்பவர் அயோவாப் பண்ணைவீடொன்றிற் பிடித்த படத்திலே பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றபடி உண்கின்றனர். அது நத்தார் விருந்து. உருளைக்கிழங்கு, கோவா, ஒரு பணியாரம்; விருந்து அவ்வளவே.

ஆயினும் உண்மையைக் காட்டிவிட்டால் மட்டும் போதுமா? எவன்ஸின் படங்களோடு ஏஜீ எழுதிய நூல் 1941 இல் வெளிவந்தது. குடும்பங்களின் பெயர்களை மாற்றியே எழுதினார். பெயரை மாற்றலாம், முகத்தை மாற்றலாமோ? தம் முன்னோரின் வறுமை உலகுக்குக் காட்சியானதை எண்ணிப் பிற்காலத்தில் அவ்வழிவந்தோர் சிலர் மனம் நொந்தனர். இசைப்பெட்டியை வெளியே இழுப்பித்த அம்மையின் அச்சம் வீணன்று என்பதை அப்போது உணர்ந்தேன். மறைத்தால் வரலாறு இழக்கப்படும்; அந்நியன் கண்ணுக்குத் திறந்துவிட்டாலோ மானம் இழக்கப்படும். இரண்டுக்கும் இடையே வழியில்லையா?

உண்டு. நம் பழம் புலவர் ஒருவர் அதனைக் கண்டிருக்கின்றார். குறுந்தொகையிற் கூடலூர் கிழார் பாடிய அடுக்களைக் காட்சியை மாணவர் அறிவர். அதிலே விரலிற் பிசைந்த தயிர் உண்டு. கழுவாது உடுத்த உடை உண்டு. கண்ணிலே தாளிதப்புகையும் உண்டு. ஒன்றையும் புலவர் மறைக்கவில்லை. எனினும் அத்தலைவிக்கு இழிவு நேரவில்லை. ஏன்? அக்காட்சியைக் கண்டு வந்து சொல்பவள் அவளை வளர்த்த செவிலி. கேட்பவள் பெற்ற தாய். கணவன் சுவைத்து மகிழ்ந்தபோது அவள் முகத்தில் அரும்பிய சிறு மலர்ச்சியையும் சேர்த்தே செவிலி காண்கின்றாள். அன்புடையார் கண்ணுக்குப் புகையும் தெரியும்; புகைக்கு அப்பாலுள்ள முகமும் தெரியும்.

1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளியேறியபோது, அம்மா அக்கடைப் படத்தைச் சீலையிற் சுற்றி எடுத்துவந்தார். அடுத்த சித்திரையில் திரும்பியபோது வீட்டுச் சுவர்கள் நின்றன. குசினி விழுந்து கிடந்தது. அம்மாவும் இன்று இல்லை. இரவல் சங்கிலிக்குச் சான்று இருக்கின்றது. முப்பதாண்டு எரிந்த அடுப்புக்குச் சான்றில்லை.

ஆகவே என் மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டு அடுக்களை வாயிலில் நின்று, தாயின் இசைவு பெற்று, ஒரு படம் எடுக்கவேண்டும். அப்படத்திலே தெரியாததைப் பத்து வரியில் எழுதவேண்டும். புகை எங்கே என்று கேட்ட மாணவன் மறுகிழமை படத்தோடு வந்தான். அவன் தாயார் புதுச்சீலை உடுத்து அடுப்படியில் நிற்கின்றார்.

“பொறு தம்பி, சீலை மாத்திக்கொண்டு வாறன் எண்டு அம்மா சொன்னவ. நான் மறிக்கேல்லை. பிழையோ ஐயா?” என்றான்.

“பிழையில்லை. அவ மாற்றிய பழஞ்சீலையைப் பற்றி எழுது” என்றேன்.

எழுதினான். பத்து வரி போதவில்லை.