வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம்?

கடைக்குப் போய் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்குகிறோம். பணத்தை எண்ணிக் கொடுத்தாகிவிட்டது. விளக்கும் வீடு வந்து சேர்ந்துவிட்டது. அதன் பிறகு அதை ஏற்றுவதும், பரணில் போட்டு வைப்பதும், பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பதும் நம் இஷ்டம். விற்ற கடைக்காரர் வியாபாரத்தை முடித்துக்கொண்டு காசிக்கே போய்விட்டாலும் நம் வீட்டு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். இதில் சொல்லுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். கடைக்காரர் கடையைக் கட்டிய அன்றைக்கே, அவர் விற்ற விளக்குகளெல்லாம் தேசம் தேசமாக ஒரே கணத்தில் அணைந்துபோகும் விசித்திர வியாபாரம் ஒன்று இக்காலத்தில் நடந்து வருகிறது. வீடியோ விளையாட்டுகளின் வியாபாரத்தைத்தான் சொல்கிறோம்.

"விளையாட்டுத்தானே!" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விளையாட்டில் நடந்தது புஸ்தகத்திலும் நடந்திருக்கிறது. விலை கொடுத்தவனுக்கு என்ன பாத்தியதை உண்டு என்ற கேள்வி, குழந்தைகளைக் காட்டிலும் பெரியவர்களுக்கே முக்கியமானது.

ஒரு விளையாட்டு மறைந்த கதை

பிரான்ஸ் தேசத்து யூபிசாஃப்ட் கம்பெனியார் 2014-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 'தி க்ரூ' என்ற மோட்டார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சுருக்கி ஒரே நிலப்பரப்பாக அமைத்து, கிழக்குக் கரையில் நியூயார்க்கில் புறப்பட்டு மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலஸ் வரையில் கார் ஓட்டிச் செல்லும்படி அதைச் செய்திருந்தார்கள். 1 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதை ஆடினார்கள். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. யாரோடும் போட்டியிடாமல் ஒருவன் தன்னந்தனியாகக் கார் ஓட்டிப் பொழுதுபோக்க நினைத்தாலும், சர்வர் என்று சொல்லப்படும் கம்பெனியாரின் கம்ப்யூட்டரோடு இணையத்தின் வழியே ஓயாத தொடர்பு இருந்தால்தான் விளையாட்டு நடக்கும்.

2023 டிசம்பர் 14-ஆம் தேதி கம்பெனியார் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரையும் நிறுத்தினார்கள். அன்றோடு விளையாட்டு முடிந்தது. இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டவர்களுக்கு மட்டுமல்ல. கடையில் முழு விலை கொடுத்து வட்டத் தட்டாக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் பிளாஸ்டிக் ஆயிற்று. சமீபத்தில் வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பப் பெற ஒரு வழி இருந்தது. பழைய வாடிக்கைக்காரர்களுக்கு அதுவும் இல்லை. பிறகு, வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அந்த விளையாட்டுக்குரிய லைசென்ஸையும் கம்பெனியார் எடுத்துவிட்டார்கள்.

கிரயமா, வாடகையா?

இது எப்படி நியாயமாகும் என்று கேட்டால், இத்தகைய கம்பெனிகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லுகின்றன. அவர்கள் பொருளை நமக்கு விற்கவில்லையாம். அதை உபயோகித்துக்கொள்ள அனுமதிதான் கொடுத்தார்களாம். நாம் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துமுன் பல பக்கங்களுக்கு நீளும் ஒப்பந்தத்தில் இந்த ஷரத்து அடங்கியிருக்கிறது என்பது வாஸ்தவந்தான். ஆனால் கடையின் முகப்பில் 'வாங்கு' என்று எழுதியிருக்கிறது. உள்ளே, கடைசிப் பக்கத்தில், 'இது விற்பனையன்று' என்று எழுதியிருக்கிறது. கிரயப் பத்திரம் என்று மேலே தலைப்பிட்டு உள்ளே வாடகைச் சீட்டு எழுதினால் நம் ஊர்ப் பத்திர எழுத்தரே சிரிப்பார். அதிலும் வாடகைக்குக் கெடு உண்டு. எந்த மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று குடியிருப்பவருக்குத் தெரியும். இந்த வியாபாரத்தில் அந்தத் தேதியையும் சொல்லுவதில்லை.

இந்தச் சொல் மயக்கத்தை அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துச் சட்டசபை கவனித்தது. 2024 செப்டம்பரில் கவர்னரின் கையொப்பம் பெற்று, 2025 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்த சட்டம் ஒன்றின்படி, அனுமதியை மட்டும் கொடுக்கும் வியாபாரி அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லை உபயோகிக்கக் கூடாது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் பெரிய கடையாகிய 'ஸ்டீம்' 2024 அக்டோபரிலேயே, பணம் செலுத்தும் இடத்தில், நீங்கள் பெறுவது லைசென்ஸ் என்று ஒரு வரி சேர்த்துவிட்டது. சட்டம் பொருளைக் காப்பாற்றவில்லை. உண்மையைச் சொல்லும்படி மட்டும் செய்தது. அதுவும் ஒரு லாபந்தான்.

பழைய வழக்கு ஒன்று

இந்த வாதம் புதியதன்று. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பிரசுரத்தார் ஒரு நாவலை அச்சிட்டு, அதன் உட்பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் அச்சிட்டார்கள். விலை 1 டாலர். அதற்குக் குறைவாக எந்த வியாபாரியும் விற்க அனுமதியில்லை. விற்றால் பதிப்புரிமையை மீறியதாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். நியூயார்க்கிலுள்ள மேஸி என்ற பெரிய கடைக்காரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1908-ஆம் ஆண்டு நீதிபதிகள் கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஒரு பிரதியை ஒரு முறை விற்றுவிட்டால், அந்தப் பிரதியின் மீது பிரசுரகர்த்தரின் விற்பனை அதிகாரம் தீர்ந்துபோகிறது என்பதே அந்தத் தீர்ப்பு.

இந்த விதி இருப்பதனால்தான் பழைய புஸ்தகக் கடை நடக்கிறது. நூல்நிலையம் இரவல் கொடுக்கிறது. அக்காள் படித்த பாடப்புஸ்தகம் தங்கைக்கு வருகிறது. பள்ளியில் பாடம் சொல்லும் தொழிலில் இருக்கும் நமக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். 'விற்பனை' என்ற சொல்லை 'அனுமதி' என்று மாற்றியதும் இந்த விதிக்கு வேலையில்லாமல் போயிற்று. போதாதற்கு, 1998-இல் அமெரிக்காவில் இயற்றிய ஒரு சட்டம், கம்பெனியார் பொருளின்மேல் போட்ட மின்னணுப் பூட்டை உடைப்பதையே பொதுவாகக் குற்றமாக்கியது. நம் பெட்டியின் பூட்டை நாமே திறந்தாலும் குற்றந்தான்!

புஸ்தகத்துக்கு நேர்ந்த கதி

2009-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெஸான் கம்பெனியார், 'கிண்டில்' என்ற படிக்கும் கருவியில் தாங்கள் விற்றிருந்த இரு நாவல்களை, வாங்கியவர்களைக் கேட்காமலேயே கருவிகளிலிருந்து அழித்துவிட்டார்கள். விற்பனைக்குக் கொடுத்த வேறொரு ஸ்தாபனத்துக்கு அந்த நூல்களை விற்கும் உரிமை இல்லை என்று பின்னால் தெரிந்ததே காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் புஸ்தகக் கடைக்காரர் இரவில் நம் வீட்டுக்குள் புகுந்து, மேஜைமேல் பணத்தை வைத்துவிட்டுப் புஸ்தகத்தை எடுத்துச் சென்றால் அதை நாம் வியாபாரம் என்றா சொல்லுவோம்? அழிந்த நாவல்களுள் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. பழைய பத்திரங்களை அழித்து உண்மையை மாற்றிக்கொண்டே போகும் ஒரு சர்க்காரைப் பற்றிய கதை அது!

மிச்சிகன் மாகாணத்துப் பள்ளி மாணவன் ஒருவன் பாடத்துக்காக அந்த நூலைப் படித்து, பக்கத்துக்குப் பக்கம் குறிப்புகள் எழுதி வந்தான். நூல் போன பிறகு எந்தக் குறிப்பு எந்த வரிக்கு என்று தெரியாமல் அவை உதவாக்கரையாயின. கம்பெனித் தலைவர் ஜெஃப் பெஸாஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வழக்கு 1,50,000 டாலர் கொடுத்துச் சமாதானமாக முடிந்தது. பத்து வருஷங்களுக்குப் பிறகு, 2019-இல், மைக்ரோஸாஃப்ட் கம்பெனியாரும் தங்கள் மின்புஸ்தகக் கடையை மூடினார்கள். பணம் திரும்பி வந்தது. புஸ்தகங்கள் வாசகர்களிடமிருந்து போயே போயின.

எழுதப்பட்ட நிரல் யார் கையில்?

இந்தத் தொல்லைக்கு மூலம் எது என்பதை முதலில் ஊன்றிக் கவனித்தவர்களுள் ஒருவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க அறிஞர். 1980-ஐ ஒட்டி, மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் வேலை செய்த ஆராய்ச்சிசாலைக்குப் புதிய அச்சுயந்திரம் ஒன்று வந்தது. பழைய யந்திரத்தில் காகிதம் சிக்கினால் உரியவர்களுக்கு உடனே செய்தி போகும்படி அவர் ஏற்பாடு செய்திருந்தார். புதிய யந்திரத்துக்கும் அப்படிச் செய்ய எண்ணி அதன் மூல நிரலைக் கேட்டபோது, யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். யந்திரம் நம் அறையில். அதை ஆட்டிவைக்கும் நிரல் அடுத்தவர் பெட்டியில்! 1983 செப்டம்பரில் அவர் 'க்னூ' என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்தக் காரியத்துக்கும் உபயோகிக்க, படித்து மாற்றிக்கொள்ள, பிரதியெடுத்துப் பிறருக்குக் கொடுக்க, மாற்றியதையும் கொடுக்க என நான்கு சுதந்திரங்களை அவர் வகுத்தார். இன்று உலகத்துச் சர்வர்களுள் மிகப் பலவற்றை இயக்கும் லினக்ஸ் இந்த நெறியைத் தழுவிய லைசென்ஸின் கீழ்தான் வழங்குகிறது.

கம்பெனியார் தரப்பு

கம்பெனியார் சொல்வதையும் கேட்பதே முறை. சர்வரை நடத்தச் செலவு உண்டு; ஆடுகிறவர்கள் குறைந்தபின் அது நஷ்டம். விளையாட்டில் வரும் கார்களுக்கும் சங்கீதத்துக்கும் மற்றவர்களிடம் பெற்ற உரிமைகள் காலாவதியாகும். பிறர் எழுதிய நிரல்களும் உள்ளே கலந்திருக்கும். இவையெல்லாம் உண்மை. முடிந்துபோன விளையாட்டைச் சரிசெய்வது கடினம் என்பதும் உண்மை.

ஆனால் முடியாததன்று. 2013 மார்ச்சில் வெளிவந்த 'சிம்சிட்டி' என்ற நகர நிர்மாண விளையாட்டும் இணையம் இல்லாமல் நடக்காது என்றே வந்தது. முதல் நாட்களில் சர்வர்கள் தாங்காமல் பணம் கொடுத்தவர்கள் வாசலில் காத்து நிற்கும்படி ஆயிற்று. ஒரு வருஷம் கழித்து, 2014 மார்ச்சில், இணையமின்றியே ஆடும்படி அதைத் திருத்திக் கொடுத்தார்கள். 1993-இல் வெளிவந்த 'டூம்' என்ற விளையாட்டின் மூல நிரலை அதன் கர்த்தாக்கள் 1997-இல் வெளியிட்டார்கள்; 1999-இல் ஸ்டால்மனின் லைசென்ஸின் கீழும் கொடுத்தார்கள். அதனால் அந்த விளையாட்டு இன்றும் புதிய யந்திரங்களில் ஓடுகிறது. கம்பெனியும் அதை இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறது. 'தி க்ரூ'வை மூடிய யூபிசாஃப்ட் கம்பெனியாரே, கண்டனம் எழுந்த பிறகு, அதன் பின்வந்த பாகங்களுக்கு இணையமின்றி ஆடும் வசதி செய்வதாக 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஆகவே ஆரம்பத்திலேயே மனம் வைத்தால் வழி உண்டு.

பத்து லட்சம் கையொப்பங்கள்

'தி க்ரூ' மறைந்த மறு மாதமே, ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை என்றென்றைக்கும் நடத்துங்கள் என்று இவ்வியக்கத்தார் கேட்கவில்லை. விற்பதை நிறுத்துங்கள்; சேவையையும் நிறுத்துங்கள்; ஆனால் போகும்போது, வாங்கியவன் ஏதோ ஒரு விதமாக ஆடக்கூடிய நிலையில் பொருளை விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை. ஐரோப்பிய யூனியனின் விதிப்படி 10 லட்சம் பிரஜைகள் கையொப்பமிட்டால் ஒரு விஷயத்தை அதன் கமிஷன் கவனித்துப் பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலையில் விண்ணப்பம் அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் 2025 நவம்பர் 3-ஆம் தேதி இதைப் பற்றி விவாதம் நடந்தது. சட்டத்தை மாற்றும் உத்தேசம் இல்லை என்று அந்தச் சர்க்கார் சொல்லிவிட்டது.

இதில் பணத்தைத் தவிர இன்னொரு நஷ்டமும் உண்டு. விளையாட்டுகளின் சரித்திரத்தைப் பேணும் அமெரிக்க ஸ்தாபனம் ஒன்று 2023-இல் ஆராய்ந்தபோது, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று கண்டது. அவற்றை ஆராய்ச்சியாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க நூல்நிலையங்களை அனுமதிக்கும்படி கேட்டதற்கு, அமெரிக்கப் பதிப்புரிமை இலாகா 2024 அக்டோபரில் இணங்கவில்லை. சித்திரக்காரர், சங்கீத வித்துவான், கதாசிரியர், கணிதம் தெரிந்தவர் என்று நூற்றுக்கணக்கானோர் கூடிப் பல வருஷம் உழைத்த படைப்பு, ஒரு கணக்குப்பிள்ளையின் ஒரு வரியால் மறைந்துபோவது எந்தத் தேசத்துக்கும் அழகன்று.

வீட்டில் விளையாட்டு வாங்கும் பெற்றோர் முதலில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இணையம் இல்லாமல் இது நடக்குமா? பிரதி எடுத்து நம்மிடமே வைத்துக்கொள்ளலாமா? கடை மூடினால் என்ன ஆகும்? இவற்றுக்கு நல்ல பதில் சொல்லும் கடைகளும் இருக்கின்றன. போலந்து தேசத்தில் 2008-இல் தொடங்கிய 'காக்' என்ற கடை, பூட்டில்லாத பிரதிகளையே விற்று வருகிறது.

வியாபாரிகளிடம் நாம் தானம் கேட்கவில்லை. வாடகை என்றால் வாடகை என்று சொல்லட்டும். கெடுவையும் முன்னதாகச் சொல்லட்டும். விற்பனை என்றால் விற்ற பொருளின்மேல் வைத்த கையை எடுத்துக்கொள்ளட்டும்.