தலை சுற்றினால் படுத்தே கிடக்கலாமா?

தட்டாமாலை சுற்றி விளையாடாத சிறுமியர் உண்டோ? சுற்றுவதை நிறுத்திய பின்னும் பூமியே சுழல்வது போல் தோன்றும். வத்தலக்குண்டிலிருந்து எங்கள் தாண்டிக்குடிக்கு மலைப்பாதை வளைவுகளில் பஸ் ஏறும்போதும் பலருக்குக் கிறுகிறுப்பு வரும். அதெல்லாம் சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் கட்டிலில் புரண்டு படுத்த மாத்திரத்தில் வீடே சுழன்றால்?

எங்கள் பாட்டிக்கு அப்படித்தான் நேர்ந்தது. பித்தம் என்று எண்ணி இஞ்சிச் சாறு கொடுத்தோம். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பாட்டி காப்பித் தோட்டத்துச் சரிவில் இறங்குவதையே விட்டுவிட்டார்கள். தலையை அசைக்காமல் படுத்தே கிடந்தார்கள். அதுவே நல்லதென்று நாங்களும் நினைத்தோம். அது தவறு என்று பின்னரே அறிந்தோம்.

காது கேட்பதற்கு மட்டும் அன்று. உடலைச் சமநிலையில் நிறுத்துவதும் அதன் வேலையே. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள திரவத்தின் அசைவு நரம்பு வழியே மூளைக்குச் செய்தியாகச் செல்கிறது. தட்டாமாலையில் நாம் நின்றாலும் அத்திரவம் உடனே நிற்பதில்லை. ஆதலால்தான் தலை சுற்றுகிறது.

குழாய்களுக்கு அருகே கால்சியம் கார்பனேட் துகள்கள் உள்ளன. சுண்ணாம்புக் கல்லில் இருப்பதும் இதே பொருள்தான். முதுமையிலோ தலையில் அடிபட்டாலோ இவை இடம் பெயர்ந்து குழாய்க்குள் புகுந்துவிடலாம். அப்போது தலையைத் திருப்பினாலே உலகம் சுழலும். பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் அது அடங்கிவிடும்.

இந்தச் சமநிலை உறுப்பை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனி 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அச்செய்தி எட்டியபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்!

1940களில் இங்கிலாந்தில் காத்தார்ன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள், தலைசுற்றல் உள்ளவர்களைப் படுக்க விடாமல் பயிற்சி செய்ய வைத்தனர். கண்ணை அசைத்தல், தலையைத் திருப்புதல், பந்தைக் கைமாற்றிப் போடுதல், சரிவில் ஏறி இறங்குதல் என்று படிப்படியாக அப்பயிற்சிகள் அமைந்தன. அசைய அசையத்தான் மூளை பழகிக்கொள்ளும். பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தில் இவை இன்றும் உண்டு. இடம் பெயர்ந்த துகள்களுக்கு வேறொரு முறை உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி அதனை 1992இல் விளக்கி எழுதினார். தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி, துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றுவதே அம்முறை.

பாட்டிக்கும் மருத்துவர் பரிசோதித்த பின் அவ்வாறே செய்தார்கள். ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை! பின்னர் சில வாரங்கள் நடைப்பயிற்சி. நாங்கள் முறை வைத்துக் கை பிடித்து நடந்தோம். இன்று பாட்டி கைத்தடியுடன் தாமே தோட்டத்தில் இறங்குகிறார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தலைசுற்றலுடன் பேச்சுக் குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பயிற்சிகளையும் தக்கவரிடம் கற்ற பின்னரே செய்ய வேண்டும்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் பயந்து படுத்திருக்கும் பாட்டி தாத்தா உண்டா? அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பின்பு கை கொடுத்து நடக்க வையுங்கள்.