கல்ச்சர் டெஸ்ட் வீண் செலவல்ல



மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் குடும்பத்தார் பில்லைக் காட்டி அடிக்கடி கேட்பது இது: "மருந்துதான் ஏத்திட்டு இருக்காங்களே, அப்புறம் எதுக்கு இந்த கல்ச்சர் டெஸ்ட்டுக்கு வேற பணம்?" நியாயமான கேள்விதான்.

கீமோ எடுப்பவர்களுக்கும், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி குறைவு. மற்றவர்களின் உடல் தானும் கிருமியோடு போராடும். இவர்களுக்கோ பெரும்பாலும் மருந்துதான் துணை. அந்த மருந்து தவறானதாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் இன்று பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. எதற்கு அடங்கும் என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும்.

நோயாளியின் இரத்தத்தை எடுத்து, கிருமி வளர்வதற்கான திரவம் உள்ள பாட்டிலில் விடுகிறார்கள். வளர்ந்த கிருமியை ஒரு தட்டில் பரப்பி, அதன்மேல் வெவ்வேறு ஆன்டிபயாட்டிக் தோய்த்த சிறு காகித வில்லைகளை வைக்கிறார்கள். 35 டிகிரி செல்சியஸ் சூட்டில் 16 முதல் 18 மணி நேரம் கழித்து, எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளரவில்லை என்று பார்த்து, அந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். பெரிய ஆய்வகங்களில் இயந்திரமும் இதைச் செய்கிறது. ரிப்போர்ட்டில் 'எஸ்' என்றால் மருந்து வேலை செய்யும். 'ஆர்' என்றால் செய்யாது. 'ஐ' என்றால் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் மருத்துவர் அனுபவத்தை வைத்து உடனே ஒரு மருந்தைத் தொடங்குகிறார். ரிப்போர்ட் வந்ததும் அதையே தொடர்வார், அல்லது மாற்றுவார். எனவே மருந்து தொடங்கிய பிறகும் டெஸ்ட் அவசியமே.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை மூன்று. இத்தகைய நோயாளிக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கையோ, மெடிக்கலில் கேட்டு வாங்கியதையோ கொடுக்காதீர்கள். அதனால் கிருமி பாட்டிலில் வளராமல் போய், ரிப்போர்ட் பயனற்றதாகிவிடலாம். பழைய ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்து, அடுத்த மருத்துவரிடமும் காட்டுங்கள்.

நோய்க்கு மருத்துவம் தேடுவது நபிவழி. பணம் இல்லை என்று யாரும் இந்த டெஸ்ட்டைத் தவிர்க்க வேண்டாம். மருத்துவரின் சீட்டுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.