கவ்வாத்து மிலாறும் கரும்புச் சக்கையும்

பசறையிலோ அப்புத்தளையிலோ ஒரு தேயிலை மலையில் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்ததும், வெட்டிய கிளைகளான மிலாறு விரல் தடிப்பில் கேட்பாரற்றுக் கிடப்பதுபோலத் தெரியும். மானாப்புல்லும் கிளிரிசீடியாக் கிளைகளும் அப்படியே. உணவுப் பயிரைத் தொடாமல் இவற்றிலிருந்தே பெற்றோலில் கலக்கும் எதனோலை எடுக்கலாமே என்ற எண்ணம், 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற இலங்கையில் எழுவது இயல்பு. வேதியியல் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. மரத்திலுள்ள செலுலோசும் சர்க்கரை கோத்த சங்கிலிதான். லிக்னின் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நீராவியாலோ அமிலத்தாலோ அந்தப் பிடியைத் தளர்த்தி, நொதியங்களால் சங்கிலியை அறுத்து, வரும் சர்க்கரையை ஈஸ்டுக்குக் கொடுத்தால் எதனோல் கிடைக்கும்.

குறுக்கே நிற்பது மலைதான். இந்தியாவில் பானிப்பட்டில் 2022இல் திறந்த ஆலைக்கு, ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் வைக்கோலிலிருந்து 3 கோடி லீற்றர் எதனோல் என்று திட்டமிட்டார்கள். ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 7 கிலோ. அந்த லீற்றரும் பெற்றோல் தரும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் தரும். சமவெளியில் வைக்கோலைக் கட்டுக்கட்டாக அள்ளலாம். பதுளைச் சரிவில் மிலாற்றை ஆள்தான் சுமந்து இறக்க வேண்டும். அதைவிட, மிலாறு கழிவே அல்ல. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களின் அடுப்புகள் அதில் எரிகின்றன. எஞ்சியது மலையிலேயே மக்கி மண்ணரிப்பைத் தடுக்கிறது. அடுப்பிலிருந்து பிடுங்கி மோட்டார் வாகனத்துக்கு ஊற்றுவதை முன்னேற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை.

பதுளை இருக்கும் ஊவா மாகாணத்திலேயே, மொனராகலை மாவட்டத்தில், பெல்வத்த, செவனகல சீனி ஆலைகள் இருக்கின்றன. அங்கே சேகரிப்புச் செலவு இல்லை. கரும்புச் சக்கை பிழிந்து நசுங்கி ஆலை முற்றத்திலேயே குவிகிறது. அது கொதிகலனுக்குத் தேவையே என்பார்கள். உண்மைதான், ஆனால் மகியங்கனையில் கிளிரிசீடியா விறகில் மின்சாரமே எடுக்கிறார்கள். கொதிகலனிலும் அந்த விறகை எரிக்கலாம். எதனோல் எடுத்தபின் மிஞ்சும் லிக்னினும் எரியும். அமெரிக்காவின் அயோவாவில் 2017இலும், ருமேனியாவின் பொடாரியில் 2023இலும் பயிர்க்கழிவிலிருந்து எதனோல் எடுத்த பெரிய ஆலைகள் மூடப்பட்டன என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஆகவே சக்கையிலும் எடுத்த எடுப்பில் பேராலை கட்டக்கூடாது. பெல்வத்த, செவனகல ஆலைகள் கழிவுப்பாகிலிருந்து ஏற்கெனவே எதனோல் வடிக்கின்றன. அது மதுபானத்துக்குப் போகிறது, திறைசேரிக்கு வரியும் வருகிறது. அந்த எதனோலில் ஒரு பங்கின் எஞ்சிய நீரையும் அகற்றினால் பெற்றோலில் கலக்கலாம். ஊவா தொடங்க வேண்டியது அங்கேதான். சக்கை அடுத்தபடி, மிலாறு லயனுக்கே இருக்கட்டும்.