நிற்கத் தெரிந்த வண்டி

ஓர் ஐப்பசி மாலையில் எண்ணூர்ச் சாலையோரம் நான் கண்ட காட்சியை முதலில் சொல்லுகிறேன். மழை அப்பொழுதுதான் விட்டிருந்தது. துறைமுகம் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பழைய மிதிவண்டியில் சிறு பெட்ரோல் இயந்திரம் ஒன்றைத் தாமே பொருத்திக்கொண்ட இளைஞர் ஒருவர் விரைந்து வந்தார். லாரி நிற்பதைக் கண்டு இரு பிரேக்குகளையும் இறுகப் பிடித்தார், வண்டியோ நிற்கவில்லை. காலைத் தரையில் தேய்த்து, லாரிக்கு ஒரு சாண் தூரத்தில் ஒருவாறு நின்றார். "பிரேக்கை நேற்றுத்தான் முடுக்கினேன், ஐயா" என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் கணக்கு ஒன்று தவறியிருந்தது.

அக்கணக்கு யாது? ஓடும் வண்டியின் இயக்க சக்தி, வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளருகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தை 30 ஆக்கினால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. முன்பு 3 மீட்டரில் நின்ற வண்டி இப்பொழுது 12 மீட்டர் கேட்கும். கண் கண்டு கை பிடிப்பதற்குள் கழியும் ஒரு விநாடியில் இன்னும் 8 மீட்டர் ஓடிவிடும். மிதிப்பவரின் வேகத்துக்கென அமைந்த ரப்பர்க் கட்டைகளின்மேல் நாம் சுமத்தும் பாரம் இதுவே.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக் காற்றும் இதற்குத் துணைபோகிறது. எஃகு ரிம்மின் முலாம் உதிர்ந்து துருவேறுகிறது. மேலும், நனைந்த எஃகு ரிம்மில் உராய்வு வெகுவாகக் குன்றிவிடும். அலுமினியக் கலவை ரிம் அவ்வளவு ஏமாற்றுவதில்லை.

இனிப் பரிகாரங்களைக் காண்போம். ஆரக்கம்பிகளைச் சீராக முடுக்கிச் சக்கரத்தின் கோட்டத்தை முதலில் எடுக்க வேண்டும். ரிம்மைச் சோப்பு நீரால் கழுவித் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் படலம் விடுமாதலால் ஆகாது. இறுகிப் பளபளத்த கட்டைகளை மாற்றி, புதியவை ரிம்மில் முழுமையாகப் பதியும்படி அமைக்க வேண்டும். துருவேறிய கேபிள், பிடிக்கும் விசையைத் தானே தின்றுவிடும், அதையும் மாற்றுக. மழையில், நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னதாகவே பிரேக்கை இலேசாகத் தொட்டு ரிம்மின் நீரைத் துடைத்துக்கொள்க.

கவிழ்ந்துவிடுவோம் என்றஞ்சி முன் பிரேக்கைக் கழற்றிவிடுவோர் உண்டு. அது பெரும் பிழை. வண்டி நிற்கும்பொழுது பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையதே. அதைப் படிப்படியாகப் பிடிக்கப் பழக வேண்டுமேயன்றி, நீக்கலாகாது.

இவையெல்லாம் செய்தும் போதாதெனின், டிரம் பிரேக்கே தக்க வழி. திருவொற்றியூர் என்பீல்டு தொழிற்சாலையில் உருவான பழைய புல்லட் வண்டிகளைக் கண்டவர் அதை அறிவர். உராயும் பகுதி சக்கரக் குடத்தினுள் மறைந்திருப்பதால் மழைநீர் அதை எளிதில் அணுகாது. ஆனால் பிரேக் தட்டின் தாங்குகையை ஃபோர்க்கில் உறுதியாகப் பிணைக்க வேண்டும். இல்லையேல் தட்டே சுழன்றுவிடும். மெலிந்த ஃபோர்க் அவ்விசையைத் தாங்காது என்பதையும் மறத்தலாகாது.

நான்கு சக்கரங்களுக்குக் குறைந்த வண்டியில் 25 கன சென்டிமீட்டருக்கு மிகாத இயந்திரம் இருப்பின், 1988-ஆம் ஆண்டின் சட்டம் அதை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. பௌதிக விதியோ அத்தகைய சலுகை எதையும் தருவதில்லை.

ஆகவே ஆள் நடமாட்டமற்ற இடத்தில் சுண்ணக்கோடு ஒன்று இடுக. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டில் பிரேக் பிடித்து, நின்ற தூரத்தை அளந்திடுக. உலர்ந்த ரிம்மில் 5 மீட்டரளவில் நிற்கிறதா? நனைந்த ரிம்மில் எவ்வளவு? அந்த இளைஞரிடமும் இதையே சொன்னேன்: "தம்பி, நனைந்த ரிம்மில் அளந்த தூரம் எவ்வளவோ, அதற்கேற்ற வேகமே உங்கள் வேகம். அதற்கு மேல் வேண்டுமானால் முதலில் பிரேக்கை மாற்றுங்கள்."