ஈரத்தால் இயங்கும் சவ்வு

நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிவதைச் சோதனைக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். அதைத் திருப்பிச் செய்ய இயலுமா? இயலும் என்று 1839ஆம் ஆண்டிலேயே காட்டினார் வேல்ஸ் நாட்டு வில்லியம் குரோவ். இரு வாயுக்களும் கூடி நீராகும்போது மின்சாரம் பிறக்கிறது. தத்துவம் எளிது, ஆயினும் பயனுக்கு வர நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வாயுக்களுக்கு இடையில் நிற்கவேண்டிய தடுப்பைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

அத்தடுப்பின் வேலை விசித்திரமானது. ஹைட்ரஜன் பிளாட்டினத் துகள்களைத் தொட்டதும் புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டானைத் தடுப்பு தன்னூடே செல்ல விடவேண்டும். எலெக்ட்ரானை விடலாகாது, அது வெளியே கம்பி வழியாகச் சுற்றிச் சென்றால்தான் விளக்கு எரியும். வாயுக்களையும் விடலாகாது, அவை நேரே கலந்தால் வெப்பமே மிஞ்சும்.

1955இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் கிரப், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் சல்ஃபானிக் அமிலத்தை இணைத்த சவ்வை இதற்குப் பயன்படுத்தினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1965 ஆகஸ்டில், கூப்பரும் கான்ராடும் ஜெமினி 5 விண்கலத்தில் ஏறக்குறைய எட்டு நாட்கள் பூமியைச் சுற்றிவந்தபோது, மின்சாரம் தந்தவை இத்தகைய சவ்வுடைய கலங்களே. ஆனால் அவற்றில் விளைந்த நீரை அவர்கள் பருகவில்லை. சவ்வு சிறிது சிறிதாகச் சிதைந்து நீரில் கலந்தது. கலத்தினுள் தோன்றும் வீரியமிக்க ஆக்ஸிஜன் துணுக்குகள், பாலிஸ்டைரீனின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தாக்கின.

இக்குறையைப் பெரிதும் போக்கியது, 1960களின் பிற்பகுதியில் டூபாண்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் உருவாக்கிய நாஃபியான். தோசை ஒட்டாதிருக்கக் கல்லின்மேல் பூசுகிறார்களே, அந்த டெஃப்லானின் சங்கிலியே இதன் முதுகெலும்பு. ஹைட்ரஜன் இருக்கவேண்டிய இடங்களிலெல்லாம் ஃபுளோரின் அமர்ந்திருப்பதால் எளிதில் அரிக்கப்படுவதில்லை. கிளைகளின் நுனியிலோ, சல்ஃபானிக் அமிலம். நீரை வெறுக்கும் சங்கிலியும் நீரை விரும்பும் அமிலமும் ஒரே மூலக்கூறில் கட்டுண்டு கிடப்பது எனக்கு இன்றும் வியப்பளிப்பது. சங்கிலிகள் ஒருபால் ஒதுங்க, அமில நுனிகள் ஒன்றுகூடி, ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கேயான நுண்ணிய நீர்க்குழிகளை அமைக்கின்றன. புரோட்டான் செல்லும் வழி அதுவே.

எவ்வாறு செல்கிறது? வரிசையாக நிற்பவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு குடம் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒருபுறத்தார் தருவதை வாங்கியதும், தம் குடத்தை மறுபுறத்தாரிடம் தந்துவிடுகிறார். புகுந்த குடம் வேறு, கடைசியில் வெளிவரும் குடம் வேறு. நீர் மூலக்கூறுகள் புரோட்டானை இவ்விதமே கைமாற்றுகின்றன. குரோட்ஹஸ் என்பார் 1806லேயே இக்கருத்தின் வித்தை ஊன்றினார்.

தொல்லையும் இங்கேதான் தொடங்குகிறது. நீர் வற்றினால் வரிசை அறுந்துபோகும். சவ்வு புரோட்டானைக் கடத்தாது. எனவே சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரி வெப்பத்தை நெருங்க இயலாது. சுமார் 80 டிகிரியிலேயே கலத்தை இயக்குகிறார்கள். மேலும், ஓடும் புரோட்டான் தன்னுடன் நீரையும் இழுத்துச் செல்வதால் ஹைட்ரஜன் பக்கம் உலர்கிறது. ஆக்ஸிஜன் பக்கத்திலோ, அவ்வாறு வந்த நீரும் புதிதாய் விளைந்த நீரும் தேங்கி, வாயு நுழையும் துளைகளை அடைத்துவிடக்கூடும். ஒரே தாளின் ஒருபுறம் கோடை, மறுபுறம் வெள்ளம்! சவ்வை மெலிதாக்கினால் நீர் விரைவில் திரும்பிப் பரவும். ஆனால் வாயுவும் கசியும். கிழியும் அபாயமும் மிகும்.

ஒரு கலம் தருவது நடைமுறையில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவே. 2014இல் வெளிவந்த டொயோட்டாவின் மிராய் காரில் 370 கலங்களை அடுக்கியிருந்தார்கள். அத்தனை சவ்வுகளும் ஒரு சேர ஈரமாக இருந்தாகவேண்டும்.

நாஃபியானின் உறுதியே இன்று வேறொரு கேள்வியை எழுப்புகிறது. இத்தகைய ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் அழிவதில்லை. ஆதலின் ஃபுளோரின் இல்லாத சவ்வுகளை ஆராய்ச்சியாளர் தேடுகின்றனர். அவ்வாறு செய்பவற்றில் மீண்டும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளே வருகின்றன. ஜெமினியின் சவ்வை அரித்த அதே துணுக்குகள் அவற்றையும் தாக்குகின்றன.