இருநூறு வருஷத்துப் பெண்கள் பள்ளிக்கூடம்

சமீபத்தில் சொந்தக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து யாழ்ப்பாணம் போய் வந்தோம். கோயில்களைப் பார்த்த கையோடு, அனுமதி வாங்கி உடுவில் மகளிர் கல்லூரியையும் பார்த்தோம். பெயர்தான் கல்லூரி, பள்ளிக்கூடம்தான். அமெரிக்க மிஷனரிகள் 1824ல் தொடங்கியது. பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பவே தயங்கிய அந்தக் காலத்திலேயே, விடுதியில் தங்க வைத்துப் படிக்க வைத்திருக்கிறார்கள்!

அதற்கு 150 வருஷம் கழித்தும், எங்கள் கரிசல் பக்கம் என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனார்கள்.

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி. இங்கேயும் இப்போது புத்தகம், சீருடை, சைக்கிள் எல்லாம் அரசுப் பள்ளியில் கிடைக்கிறது. ஆனாலும் என் மகள் பெரியவளானதும், "படிச்சது போதும்"னு உறவில் பேச்சு கிளம்பியது. அம்மாதான் முந்திக்கொண்டு, "எம் பேத்தி படிக்கட்டும்"னு வாயடைத்துவிட்டார்கள். தோழிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குரல் எழட்டும்.

– ஒரு வாசகி, கடம்பூர்.